ஆக்னஸ் கிழித்த தாள்

கம்பெனியில் அவளை எல்லோரும் 'சிஸ்டம் மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிண்டர் பேப்பரைத் தின்றாலும் சிஸ்டம் மேடம், கேன்டீனில் டோக்கன் மெஷின் மக்கர் பண்ணினாலும் சிஸ்டம் மேடம், வாட்ச்மேனின் செல்போனில் பாட்டு வராவிட்டாலும் சிஸ்டம் மேடம். ஆக்னஸ் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்துநான்கு. அப்பாவுக்கு ஆவடி டிஃபென்ஸ் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸ் பள்ளியில் படித்து, அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஜஸ்டினைக் கட்டிக்கொண்டு, நாலு தெரு தள்ளி இன்னொரு குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனவள். மொத்த வாழ்க்கையில் அவள் தூரமாகப் போனது என்றால் அது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, அதாவது எஸ்டேட்டுக்கு, வேலைக்கு வந்ததுதான். டேட்டா என்ட்ரிக்கு என்று சேர்ந்து, பத்தொன்பது வருஷத்தில் கம்பெனியில் இருக்கிற ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் ஆகிவிட்டாள். பதவி உயர்வா? அதெல்லாம் கேட்காதீர்கள். பெயர்ப்பலகையில் 'சீனியர்' என்று ஒரு வார்த்தை ஏறியது, அவ்வளவுதான்.

பஸ், லாரிகளுக்குப் பவர் ஸ்டியரிங் ஹோஸ் செய்கிற கம்பெனி அது. கைக்கட்டை விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய், இரண்டு முனையிலும் இரும்புப் பூண். ஒவ்வொரு ஹோஸையும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, உள்ளே எண்ணெயை ஏற்றி, நூற்றைம்பது 'பார்' என்கிற அளவு அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோய் முப்பது செகண்ட் நிறுத்திப் பார்க்க வேண்டும். கசியாமல் தாங்கினால் பச்சைப் புள்ளி வைத்து அனுப்புவார்கள். அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று பெஞ்சோடு இணைத்த கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் போட்டுத் தந்தவன் வெங்கட் என்று ஒரு கான்ட்ராக்ட் இன்ஜினீயர். கடையில் விற்கிறதை வாங்காமல், இலவசமாகக் கிடைக்கிற மூல நிரலை இறக்கி, இந்தப் பெஞ்சுக்கு ஏற்ற மாதிரி அங்கேயே உட்கார்ந்து உருவாக்கினான். மூல நிரல் என்பது மாவு மாதிரி. அப்படியே சாப்பிட முடியாது, ஊற்றி எடுக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் 'கான்ஃபிகர்' என்று ஒரு கட்டளை அடித்து, அதன் பின்னாலேயே வரிசையாக விருப்பங்களைச் சொல்லிவிட வேண்டும். ஹோட்டலில் தோசை சொல்கிற மாதிரிதான்: வெங்காயம் வேண்டாம், எண்ணெய் கம்மி, முறுகலாக. தோசை தட்டுக்கு வந்த பிறகு வெங்காயத்தைப் பொறுக்கி எடுக்க முடியுமா? இதுவும் அப்படியே. எந்த இடத்தில் குடியேற வேண்டும், எந்த சென்சார் கார்டோடு பேச வேண்டும், எது வேண்டும், எது வேண்டாம் என்று பதினான்கு விருப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு சிறு கோடு.

அந்தப் பதினான்கில் முக்கியமானது ஒன்று: --with-span=250. பெஞ்சில் அழுத்தத்தை அளக்கிற சென்சார், கம்ப்யூட்டருக்கு அழுத்தத்தை அனுப்பாது, வெறும் எண்ணைத்தான் அனுப்பும்; பதிவிலும் அந்த எண்தான் ஏறும். அந்த எண்ணை எந்த அளவால் பெருக்கினால் சரியான அழுத்தம் வரும் என்று சொல்வதுதான் இந்த 'ஸ்பான்'. வெங்கட் பெஞ்சில் செய்திருந்த வயரிங்குக்கு இருநூற்றைம்பது. சரி, சொல்லாமல் விட்டால்? கம்ப்யூட்டர் கேள்வி கேட்காது, சண்டையும் போடாது. நூற்றறுபது என்று தானாக ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். பிழை என்று ஒரு வரி சிவப்பில் வந்தாலாவது மனுஷன் உஷாராவான். அதுகூட வராது.

வெங்கட் ஒப்பந்தம் முடிந்து போனபோது, அந்த முழுக் கட்டளையையும் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆக்னஸ் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெஞ்ச் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் டேப் ஒட்டி வைத்தாள். கம்ப்யூட்டர் பழுதாகி மாற்றும்போதெல்லாம் தாளைப் பார்த்து அடித்து மறுபடி உருவாக்குவாள். மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறாள். ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை.

அந்தத் தாளைக் கிழித்தது யார் என்று கேட்டால், அவளேதான்.

எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை தரச் சான்றிதழுக்கு ஆடிட்டர் வருவார். வருவதற்கு முந்தைய வாரம் கம்பெனியே கல்யாண வீடு மாதிரி அல்லோலகல்லோலப்படும். தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் போடுவார்கள். எண்ணெய் டப்பாவுக்குக்கூடச் சட்டை போட்டதுபோல லேபிள் ஒட்டுவார்கள். அப்புறம் சுவரில், மெஷினில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற, கையால் எழுதிய தாள் எல்லாவற்றையும் தேடித்தேடிக் கிழிப்பார்கள். ஏனென்றால் டாக்குமென்ட் நம்பர், தேதி, கையெழுத்து மூன்றும் இல்லாத ஒரு துண்டுக் காகிதம் ஆடிட்டர் கண்ணில் பட்டால் தொலைந்தது. 'கட்டுப்பாடில்லாத ஆவணம்' என்று எழுதி ஒரு குற்றம் போட்டுவிடுவார். உபயோகமில்லாத சாமானுக்குச் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டால் முப்பது நாளில் அது கேட்டுக்கு வெளியே போயாக வேண்டும்.

போன வருஷம் ஆடிட்டுக்கு முன்னால், புது டெஸ்ட் பெஞ்ச் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெட்டியோடு மென்பொருளும் சேர்ந்தே வந்த ரெடிமேட் பெஞ்ச். பழையது மூலையில் தூசி படிந்து நின்றது. தர மேலாளர் சண்முகசுந்தரம் வந்து பார்த்தார்.

"மேடம், இது எதுக்கு இன்னும் நிக்குது? ரெட் டேக் போட்டுடுங்க. அந்தப் பேப்பரையும் எடுத்துடுங்க, கண்ணை உறுத்துது."

ஆக்னஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கை, பாதுகாப்பு விதி இருக்கிறதே என்று, டிரில்லிங் செக்‌ஷனுக்குக் கொண்டுபோய் மூன்று ஓட்டை போட்டு வாங்கி வந்தாள். தாளை உறையிலிருந்து உருவி நாலாகக் கிழித்துத் துண்டாக்கும் மெஷினில் போட்டாள். போடும்போது ஒரு நொடி கை நின்றது, அவ்வளவுதான். அந்த வருஷம் ஆடிட்டில் ஒரு குற்றம்கூட இல்லை. எல்லோருக்கும் கேன்டீனில் ஜாங்கிரி கொடுத்தார்கள். சண்முகசுந்தரம் மைக்கில் அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

ஒன்றை மட்டும் அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம் என்பதால் டெஸ்ட் பதிவுகளைப் பதினைந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டிஸ்க்கில் ஓட்டை போடுவதற்கு முன்பே பழைய பெஞ்சின் பதிவுகள் அத்தனையையும் சி.டி.யில் ஏற்றி, கூடவே வெங்கட் கொடுத்த மூல நிரல் சி.டி.யையும் சேர்த்து, பீரோவில் பூட்டி வைத்தாள். பதிவை வைத்திரு என்று விதியில் இருந்தது. அதைப் படிக்கிற வழியையும் வைத்திரு என்று ஒரு புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை.

இந்த வருஷம் நசரத்பேட்டை கிட்டே ஹைவேயில் ஒரு பஸ்ஸில் பவர் ஸ்டியரிங் ஹோஸ் பிளந்து, ஸ்டியரிங் திருப்ப முடியாமல் போய், வண்டி நடுத்தடுப்பில் ஏறியது. நல்ல வேளை, உயிர்ச் சேதம் இல்லை. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பஸ் கட்டுகிற பெரிய கம்பெனி ஹோஸின் நம்பரைப் படித்து, இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரே தொகுதியாகச் செய்த லாட் என்று கண்டுபிடித்து, கடிதம் அனுப்பியது: அந்த லாட்டின் டெஸ்ட் பதிவு எங்கே?

ஃபைலை எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்குப் பெஞ்ச் அச்சடித்த சீட்டுகள் எல்லாம் இருந்தன, ஒழுங்காகத் தேதி வாரியாக. ஆனால் கடை பில்லுக்குப் பயன்படுத்துகிற அதே வழவழப்புத் தாள். ஒரு எழுத்து இல்லை, எல்லாம் வெள்ளை வெளேரென்று வெளுத்துப் போயிருந்தன. மிஞ்சியது லாட் கார்டில் டெஸ்ட் செய்தவரின் கையெழுத்து மட்டும்: வெற்றிச்செல்வன்.

பதிமூன்று வருஷம் கான்ட்ராக்ட்டில் கிடந்து, போன வருஷம்தான் நிரந்தரமானவன். டெஸ்ட் செய்யாமலே பச்சைப் புள்ளி வைத்துவிட்டான் என்று குற்றச்சாட்டு எழுதி, சஸ்பென்ட் செய்து, திங்கட்கிழமை உள்விசாரணை என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அப்படி வெளியே போனவனைப் பக்கத்துக் கம்பெனி கேட்டுக்குள் விடாது.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஆக்னஸைக் கூப்பிட்டனுப்பினான். முகம் சுண்டிப் போயிருந்தது.

"மேடம், டெஸ்ட் பண்ணாம ஒரு ஹோஸ்கூட நா வுட்டதில்ல. முப்பது செகண்டும் கட்ச்சி வரிக்கும் நின்னுகினு இருப்பேன். நீங்களே பாத்துகீறீங்க."

"பாத்திருக்கேன் வெற்றி."

"அப்போ கம்ப்யூட்டர்ல கீதுல்ல? அத்த எட்த்துக் காட்டுங்க, மேட்டர் முட்ஞ்சிச்சி. நா இன்னாத்துக்கு பயப்படணும்?"

"இருக்குப்பா. எல்லாம் பத்திரமா இருக்கு. காட்டறேன்."

காட்டறேன் என்று சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவன் கை கூப்பினான். ஐயோ, அதெல்லாம் எதுக்கு என்று இவள் அவசரமாக உள்ளே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் உட்கார்ந்தாள். பழைய நிரல் புதுக் கம்ப்யூட்டரில் ஏறவே மாட்டேன் என்றது. அது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அது கேட்ட பழங்காலத்து நூலகத் தொகுப்புகளைத் தேடி இறக்கினால், அவை வேறு ஒன்றைக் கேட்டன. கடைசியில் ஸ்டோரில் கிடந்த ஒரு பழைய பெட்டியைத் தூசி தட்டி, அதில் அந்தக் காலத்து லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டாள். அதற்கே சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

கான்ஃபிகர் என்று அடித்துவிட்டு யோசித்தாள். பதினான்கு விருப்பங்களில் ஒன்பது கை தானாகவே அடித்தது. மீதிக்கு உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். முதலில் எப்படியாவது ஒருமுறை ஓடட்டும், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஓடவிட்டாள். திரையில் வரிகள் பாய்ந்தன. இருக்கிறதா, இருக்கிறது. இருக்கிறதா, இல்லை. இருக்கிறதா, இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து நிரல் உருவாகி நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் சண்முகசுந்தரம் அறைக்குள் வர வேண்டுமா!

"என்ன மேடம், வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார், இதோ." சந்தோஷத்தில் அவரைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டு லாட் பதிவைத் திறந்தாள். நானூறு ஹோஸுக்கும் வரிசையாக நேரம், நம்பர், அழுத்தம். முதல் ஹோஸ், நூற்றைந்தரை பார். இரண்டாவது, நூற்றைந்து. மூன்றாவது, நூற்றாறு. நூற்றைம்பதுக்குப் பக்கத்தில்கூட எதுவும் இல்லை.

சண்முகசுந்தரம் செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்.

ஆக்னஸ் திரையில் மேலே போய்க் கட்டளையைப் பார்த்தாள். பதின்மூன்று விருப்பங்கள்தான் இருந்தன. ஸ்பானைக் காணோம்.

"சார், சார், இருங்க. ஸ்பான் போட விட்டுப்போச்சு. அது தானா நூத்தறுபதுன்னு எடுத்துக்கிச்சு. இது தப்பு சார். ஒரு மணி நேரம் குடுங்க."

இருநூற்றைம்பது என்று போட்டு மறுபடி உருவாக்கினாள். அவர் போகவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதே பதிவை இரண்டாவது முறை திறந்தாள். முதல் ஹோஸ், நூற்றறுபத்தைந்து பார். இரண்டாவது, நூற்றறுபத்துநாலு. நானூறும் தேறியிருந்தன. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? வெற்றி எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணியிருக்கான்."

"மேடம், நீங்க ஒரு நம்பர் போட்டா ஃபெயில்ங்குது, இன்னொரு நம்பர் போட்டா பாஸ்ங்குது," என்றார் அவர் மெதுவாக. "முந்நூறுன்னு போட்டா?"

"இன்னும் அதிகமாக் காட்டும்."

"அப்ப எது சரின்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார். இருநூத்தைம்பது. தாள்ல இருந்தது."

"தாள் எங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை உறுத்துகிறது, எடுத்துவிடுங்கள் என்று சொன்ன அதே முகம். அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெஞ்சைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் பெஞ்ச் என்றைக்கோ இரும்புக் கடைக்குப் போய் உருகியிருக்கும். வருஷா வருஷம் பெஞ்சுக்கு அளவு சரி என்று வாங்கிய சான்றிதழ் இருந்தது. திரையில் காட்டுகிற அழுத்தம் சரி என்றுதான் அதில் போட்டிருந்தது. உள்ளே எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்று சான்றிதழ் கொடுக்கிறவன் எதற்கு எழுதப் போகிறான்?

தலையைப் பிய்த்துக்கொண்டு, யார் யாரிடமோ நம்பர் வாங்கி, வெங்கட்டைப் பிடித்தாள். அவன் ஹைதராபாத்தில் இருந்தான். அவளை ஞாபகம் வருவதற்கே இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"ஸ்பானா? இருநூத்தைம்பதா இருக்கலாம் மேடம். இல்ல, அந்த போர்டுக்கு வேற ஏதாவது போட்டேனா? பத்துப் பதினாலு வருஷம் ஆச்சே. நான் இப்ப அந்த லைன்லயே இல்ல, மனை பிசினஸ் பண்றேன். எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அந்த கம்ப்யூட்டர்லயே கான்ஃபிக் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும். என்ன ஆப்ஷன் குடுத்து பில்ட் பண்ணோம்னு முதல் பத்து வரியிலயே போட்டிருக்குமே."

"அந்த டிஸ்க் இல்லீங்க."

"என்ன ஆச்சு?"

"ஓட்டை போட்டாச்சு."

அவன் சிரித்தேவிட்டான். ஏதோ ஜோக் என்று நினைத்திருப்பான், பாவம்.

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி சண்முகசுந்தரத்திடம் ஓடினாள். அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. நல்ல யோசனைதான்.

"சார், இந்த ஒரு லாட் மட்டும் இல்ல. அந்த வருஷம் டெஸ்ட் பண்ண எல்லா லாட்டையும் திறந்து பாத்தேன். நூத்தறுபது போட்டா எல்லாமே நூத்தஞ்சுதான் வருது. ஒரு வருஷம் பூரா, மூணு ஷிப்ட்டு, ஒம்பது ஆளுங்க, ஒருத்தர்கூடவா சரியா டெஸ்ட் பண்ணல? அப்படி இருக்க முடியுமா? அதனால இருநூத்தைம்பதுதான் சரி."

சண்முகசுந்தரம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. நான் உங்க லாஜிக்கை ஒத்துக்கறேன் மேடம். கஸ்டமர் ஒத்துக்க மாட்டான். அவன் என்ன கேப்பான் தெரியுமா? 'ஓகோ, ஒரு லாட் இல்ல, வருஷம் பூராவுமே உங்க பதிவை நம்ப முடியாதா? அப்ப எல்லா பஸ்ஸுலயும் கழட்டி மாத்துங்க'ம்பான். ஒண்ணரை லட்சம் ஹோஸ் மேடம். கம்பெனிய மூட வேண்டியதுதான். முந்நூறு குடும்பம் இருக்கு."

"அதுக்காக வெற்றிய…"

"நான் என்ன பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் ஆக்னஸுக்குத் தாங்க முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். பூந்தமல்லியில் வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கிப் போட்டுவிட்டு, ரத்தக் கொதிப்பு மாத்திரையை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷனிடம் எதைக் கத்துவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஜஸ்டினிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு முழுக்கக் கேட்டான்.

"உன்மேல எதுவும் வராதுல்ல?"

"என்னங்க நீங்க! அவன் வேலை போகப் போகுது. கிழிச்சது நானு."

"மேனேஜர் சொன்னாரு, கிழிச்ச. உன் இஷ்டத்துக்கா கிழிச்ச?"

"இன்னொரு காப்பி எடுத்து வச்சிருக்கலாம். போன்ல ஒரு போட்டோ புடிச்சிருக்கலாம். பொண்ணு நிஷாவோட ஸ்கூல் டைம்டேபிள்கூட என் போன்ல நாலு போட்டோ இருக்கு. இதை எடுக்கத் தோணலையே எனக்கு!"

ஜஸ்டின் வண்டியைக் கிளப்பினான். குவார்ட்டர்ஸ் வரைக்கும் அவள் அவன் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கான்ஃபரன்ஸ் அறையில் விசாரணை. வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல்தான் விசாரணை அதிகாரி. பக்கத்தில் ஒரு டைப்பிஸ்ட். ஒரு பக்கம் சண்முகசுந்தரம். எதிர்ப் பக்கம் வெற்றிச்செல்வன், இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு. ஆக்னஸ் உள்ளே வந்ததும் அவன் முகம் தெளிந்தது. அவள்தான் அவனுடைய ஒரே சாட்சி.

அவள் திரையில் வந்த இரண்டு முடிவுகளையும் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வக்கீல் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆக, நீங்க குடுக்கற எண்ணைப் பொறுத்து ரிசல்ட் மாறும்."

"ஆமா சார். ஆனா சரியான எண் இருநூத்தைம்பது."

"அது எங்க எழுதியிருக்கு?"

"ஒரு தாள்ல இருந்தது சார்."

"அந்தத் தாளுக்கு டாக்குமென்ட் நம்பர் உண்டா?"

"இல்ல சார், கையால எழுதினது."

"இப்ப எங்க இருக்கு?"

"கிழிச்சிட்டேன். ஆடிட்டுக்காக." சொல்லிவிட்டு சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். "எங்க கம்பெனில எல்லாருமே கிழிப்போம் சார். நான் மட்டும் இல்ல."

"அம்மா, கம்பெனி ஆவணப் பட்டியல்ல அப்படி ஒரு தாளே இல்ல. நீங்க ஞாபகத்துல இருந்து சொல்றீங்க. சரி, பரவாயில்ல, சாட்சியோட ஞாபகத்தையும் எடுத்துக்கலாம். நூறு சதவீதம் உறுதியாச் சொல்வீங்களா, அந்த லாட் ஓடின அன்னைக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல இருநூத்தைம்பதுதான் இருந்ததுன்னு?"

ஆமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அன்றைக்கு என்றால் என்றைக்கு? இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக் கம்ப்யூட்டரில் கடைசியாக நிரலை உருவாக்கியதும் அவள்தான். தாளைப் பார்த்துத்தான் அடித்தாள். பதினான்கையும் அடித்தாளா? முந்தாநாள் அடித்தபோது பதின்மூன்றுதானே அடித்தாள்? பத்தொன்பது வருஷ அனுபவத்தில், முழு நினைவோடு, மேலாளர் பக்கத்தில் நிற்க, ஒன்றை விட்டாள். அன்றைக்கும் விட்டிருந்தால்? விட்டிருந்தால் பெஞ்சின் திரையில் அப்போதே தப்பாகக் காட்டியிருக்கும், சான்றிதழ் கொடுக்க வந்தவன் பிடித்திருப்பான். பிடித்திருப்பான்தான். ஆனாலும் தலைக்குள் ஒரு மூலையில் அந்தக் கேள்வி உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

வெற்றிச்செல்வன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொண்ணூத்தொம்போது சதவீதம் சொல்வேன் சார்," என்றாள் ஆக்னஸ்.

வக்கீல் டைப்பிஸ்டைப் பார்த்தார். டைப்பிஸ்ட் அடித்தார். அச்சடித்த பக்கத்தை அவள் முன்னால் வைத்தார்கள். கடைசி வரியில், 'மேற்படி அளவு குறித்துச் சாட்சியால் உறுதியாகக் கூற இயலவில்லை' என்று இருந்தது.

"சார், நான் அப்படிச் சொல்லலையே! தொண்ணூத்தொம்போதுன்னு சொன்னேன்."

"உறுதின்னா நூறும்மா. நூறுன்னு சொல்றீங்களா? சொல்லுங்க, இப்பவே மாத்தி அடிக்கச் சொல்றேன்."

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே மாற்றத் தயாராகப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆக்னஸ் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். அப்புறம் குனிந்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

சாயந்திரம் ஐந்தரைக்கு அவள் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது வெற்றிச்செல்வன் அங்கே நின்றுகொண்டிருந்தான். விசாரணை முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த ஆட்கள் அவனைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் நின்று பேசவில்லை.

"வெற்றி, நான் வந்து…"

"வுடுங்க மேடம். நா உள்ள உக்காந்து கேட்டுகினுதான இருந்தேன். எனுக்கோசரம் ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம கெடந்தீங்கன்னு சொன்னானுங்க. வேற யாரும் பண்ல. நீங்க பண்ணீங்க."

"என்னால முடியலப்பா."

"தெரியும்." அவன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரிதான் கேட்டான்.

"தொண்ணூத்தொம்போது குட்த்தீங்க. அந்த ஒண்ணையும் எனுக்கே குட்த்துருக்கலாம்ல மேடம்? அத்த நீங்க வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?"

ஆவடி பஸ் வந்து நின்றது. கூட்டம் ஏறியது. அவனுக்கும் அதே பஸ்தான், அவளுக்கும் அதே பஸ்தான். கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தார். வெற்றிச்செல்வன் ஏறவில்லை. பதில் வரும் என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.